சாத்தே கடலைக் குழம்பு: வீட்டில் செய்தால் ஏன் சட்னி மாதிரியே வருது?

ஈரோட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மூணு வருசம் கோலாலம்பூர்ல வேலை பார்த்துட்டு, போன தை மாசம் ஊருக்கே திரும்பிட்டேன். அங்க இருந்தப்போ மாசத்துல ரெண்டு சனிக்கிழமையாவது பக்கத்து ஊரு காஜாங்குக்குப் போயி சாத்தே, அதாங்க குச்சியில கோத்துச் சுட்ட கறி, சாப்பிட்டுட்டுத்தான் ரூமுக்கு வருவேன். கோழி பத்துக் குச்சி, நாசி இம்பிட்னு அமுக்கி வெட்டின சோறு, வெள்ளரிக்கா, பச்சை வெங்காயம், ஒரு கிண்ணம் கடலைக் குழம்பு. மேல செவப்பா எண்ணெய் மிதக்கும். கடலை வாயில நறுக்கு நறுக்குன்னு தட்டுப்படும். இப்ப எனக்குக் கோழி கூட வேண்டாமுங்க, அந்தக் குழம்பு மட்டும் கெடைச்சாப் போதும்னு இருக்குது.

நம்ம ஊர்ல கடலைக்கா பஞ்சம்? கால் கிலோ வறுத்து, தோலைத் தேய்ச்சு ஊதிட்டு, ஆறு காஞ்ச மிளகா, நாலு பல்லு பூண்டு, நெல்லிக்கா அளவு புளி, கொஞ்சம் வெல்லம், ஒரு டம்ளர் தேங்காப்பால் எல்லாத்தையும் மிக்சியில மைய ஓட்டிக் கொதிக்க வெச்சேன். வெளுத்துப் போன பழுப்பு நெறம். பச்சைப் பூண்டு வாசம். எண்ணெய் ஒரு சொட்டு மேல வரலை. காலைல பார்த்தா களி மாதிரி இறுகிக் கெடந்துச்சு. அம்மா தண்ணி விட்டுக் கரைச்சு, கடுகு தாளிச்சு தோசைக்குத் தொட்டுக்கிட்டு, "சட்னி நல்லாத்தான இருக்குது"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்கங்க தப்பு பண்றேன்?

கிள்ளான்வாசி எழுதியது:

தங்கச்சி, உங்கள் கடலையில் குறை இல்லை. சட்னி அரைக்கும் கைப்பழக்கத்தில் செய்திருக்கிறீர்கள். சட்னியில் கடலைதான் முதல். குவா கச்சாங்கில், அதாவது நீங்கள் கேட்கும் கடலைக் குழம்பில், கடலை கடைசி.

எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) சாத்தே கடை போட்டிருந்த ஒரு மலாய் மக்சிக்கிடம் (அத்தை மாதிரி மூத்த அம்மா) கைவேலைக்குப் போனேன். மிளகாய் விதை தட்டுவது, கரியை விசிறுவது, சட்டி கிளறுவது என் வேலை. அரைத்த விழுது எண்ணெயில் கொஞ்சம் சிவந்ததும் நான் கடலைக் கிண்ணத்தைத் தூக்குவேன். எட்டிப் பார்த்துவிட்டு "பெலும்" என்பார், இன்னும் ஆகவில்லை என்று. மறுபடி கிளறுவேன். மறுபடி "பெலும்". "பெச்சா மிஞாக்" ஆகும்வரை, அதாவது எண்ணெய் உடைந்து பிரியும்வரை, சட்டிக்குள் வேறு எதையும் போட விடமாட்டார். குழம்பு என்பது அங்கேதான் இருக்கிறது. கடலை பிறகு வந்து அதில் ஊறுகிறது, அவ்வளவுதான்.

300 கிராம் கடலைக்கு என் கணக்கைச் சொல்கிறேன். நீட்டு வகைக் காய்ந்த மிளகாய் 20. கிள்ளி, விதையைத் தட்டிவிட்டு, கொதிநீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். அதோடு சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், செரை (எலுமிச்சைப் புல்) 3 தண்டின் வெள்ளைப் பகுதி, லெங்குவாஸ் என்னும் இஞ்சி போன்ற கிழங்கு ஒரு விரற்கடை, அதில் பாதி இஞ்சி. இது மட்டும்தான் மைய அரைய வேண்டும். எண்ணெய் 150 மில்லி. இதில் கையை இழுத்துப் பிடிக்காதீர்கள், எண்ணெய் குறைந்தால் விழுது வதங்காது, அடிபிடிக்கும்.

சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். முதலில் ஆவி பறக்கும், தெறிக்கும், வெங்காய நெடி கண்ணைக் கரிக்கும். வெங்காயத்திலும் மிளகாயிலும் உள்ள தண்ணீர் போகும்வரை விழுது கொதிக்கிறதே தவிர வதங்கவில்லை. 100 டிகிரியைத் தாண்டாது, பச்சை வாசமும் போகாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு ஏறும். விழுது சுருங்கி, பளீர்ச் சிவப்பு செங்கல் நிறமாகும். கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் எண்ணெய் ஓடி நிறைய வேண்டும். அப்போது புளித் தண்ணீர் அரைக் கிண்ணம், குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லம் 80 கிராம், உப்பு, 600 மில்லி தண்ணீர். கொதி வந்ததும் கரகரப்பாக இடித்த கடலை. அடுப்பைத் தணித்து 20, 25 நிமிடம். எண்ணெய் மறுபடி மேலே வரும். நீங்கள் காஜாங்கில் பார்த்த சிவப்பு அதுதான்.

மல்லாட்டை எழுதியது:

அண்ணன் குழம்பைச் சொல்லிட்டார். நான் கொட்டையைச் சொல்றேன். திண்டிவனம் பக்கம் எங்க நிலம். இங்க இதுக்கு மல்லாட்டைன்னுதான் பேரு, மணிலாக்கொட்டைன்னு சொன்னதோட தேய்ஞ்ச வடிவம். தென்னமெரிக்காவுல பொறந்த செடி, மணிலா பேரைச் சுமந்துக்கிட்டு நம்ம கொல்லைக்கு வந்துடுச்சு. நாங்க போடுறது டி.எம்.வி. 7, இந்த ஊர்ல வந்த ரகம்.

புதுசா உரிச்ச கொட்டையில ஈரம் இருக்கும். வெளியில கறுத்து உள்ள பச்சையா நிக்கும். ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டு அப்புறம் வறுங்க. கனமான வாணலி, மட்டான தீ, 12 நிமிஷம் கை நிக்காம. ஒண்ணை ரெண்டா உடைச்சுப் பாருங்க, உள்பக்கம் வெளிர் பழுப்பா மாறியிருக்கணும். சூட்டோட மிக்சியில போடாதீங்க. கொட்டையில கிட்டத்தட்டப் பாதி எண்ணெய்தான், சூடா அரைச்சா உடனே கக்கிட்டுக் கூழாயிடும். நல்லா ஆறினதும் உரல்ல குத்துங்க. மிக்சின்னா ஒரு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு.

இதைக் கட்டாயம் படிங்க: பூஞ்சணம் பிடிச்சது, சுருங்கிக் கறுத்தது, கடிச்சா கசக்கிறது ஒண்ணு விடாம பொறுக்கி எறிஞ்சிடுங்க. அதுல உண்டாகிற அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் கொதிக்க வெச்சாலும் முழுசாப் போகாது. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிங்க செத்துப்போச்சு. பிரேசில்லேர்ந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்னதுதான் காரணம். அதைத் துருவித்தான் இந்த நஞ்சையே கண்டுபிடிச்சாங்க. ரெண்டு கொட்டை வீணாகுதேன்னு பார்க்காதீங்க.

பனங்கொட்டை எழுதியது:

நான் ரொறன்ரோவில இருக்கிறன். எங்கட வீட்டில இதைக் கச்சான் சோஸ் எண்டுதான் பிள்ளையள் சொல்லுவினம். வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வந்து கச்சான் வறுத்து, தோல் உரிச்சு, இடிக்கிறதுக்கு எனக்கு நேரமில்லை. பீநட் பட்டர் ஒரு கோப்பை, தேங்காய்ப்பால் ஒரு ரின், தாய்லாந்துச் சிவப்புக் கறிக் கூட்டு ரெண்டு மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் சீனி. பத்து நிமிசம். நூடில்ஸ், அவிச்ச மரக்கறி, பொரிச்ச தோஃபு எல்லாத்துக்கும் பொருந்தும். தங்கச்சி இதையும் ஒருக்காச் செய்து பாருங்கோ.

ஒரு சின்ன விசயம். பீநட் பட்டருக்குக் கொஞ்சமாத் தண்ணி விட்டா இளகாது, கட்டியா இறுகிப்போடும். பயந்துபோய் இன்னும் பீநட் பட்டர் போட்டிடாதேங்கோ. சுடுதண்ணியை விட்டு விட்டு அடிச்சுக்கொண்டே போங்கோ, சட்டெண்டு பட்டுப்போல இளகி வரும்.

கிள்ளான்வாசி எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வது தாய்லாந்து வழி. அங்கே சாத்தேக்குக் கறிக் கூட்டும் தேங்காய்ப்பாலும் சேர்த்த குழம்புதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கச்சி தேடுவது காஜாங் குழம்பு. பீநட் பட்டரில் அது வராது என்று உறுதியாகச் சொல்வேன்.

கடையில் விற்கும் பெரும்பாலான பீநட் பட்டரில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்காமல் இருப்பதற்காகவே இறுகும் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். நாமோ எண்ணெய் பிரிந்து மேலே வர வேண்டும் என்று அரை மணி நேரம் நிற்கிறோம். இரண்டும் நேர் எதிர். மேலும் அதில் சர்க்கரையும் உப்பும் முன்பே இருப்பதால் புளிக்கும் காரத்துக்கும் அளவு பிடிபடாது. பல்லில் படும் கடலையும் இல்லை.

பனங்கொட்டை எழுதியது:

தம்பி, எண்ணெய் பற்றிச் சொன்னது சரிதான். இஞ்ச கச்சானும் உப்பும் மட்டும் போட்டு அரைச்ச போத்தலும் கிடைக்குது, அதில எண்ணெய் மேல நிக்கும், நான் அதைத்தான் வாங்கிறனான். ஆனா ரெண்டு பிள்ளையளோட வேலைக்கும் போற ஒரு பொம்பிளை கிழமை நாளில 20 மிளகாய்க்கு விதை தட்டவேணும் எண்டு சொன்னா, அவ செய்யாமலே விட்டிடுவா. செய்யாமல் விடுறதிலும் பார்க்க, பத்து நிமிசச் சோஸ் நல்லது.

கிள்ளான்வாசி எழுதியது:

நியாயம் அக்கா. அப்படியானால் ஒரு வழி சொல்கிறேன். விழுதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மடங்கு வதக்கி, கடலை போடாமல், சின்னச் சின்ன டப்பாக்களில் உறைய வைத்துவிடுங்கள். கிழமை நாளில் ஒரு டப்பா, கொஞ்சம் புளி, தண்ணீர், இடித்த கடலை. அரை மணி நேரத்தில் முடியும். என் மனைவி தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு இப்படித்தான் மூன்று வாரம் முன்பே செய்து வைக்கிறார்.

தோ பாயோ அம்மா எழுதியது:

தேங்காய்ப்பால் பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லையே. சிங்கப்பூரில் நான் இரண்டு விதமும் சாப்பிட்டிருக்கிறேன். தேங்காய்ப்பால் ஊற்றினால் குழம்பு மெத்தென்று ஆகும், காரம் அடங்கும், ஆனால் அடுத்த நாளே சுவை மாறத் தொடங்கும். ஊற்றாத குழம்புக்குப் புளிப்பும் மிளகாயும் தெளிவாக நிற்கும். எனக்கு ஊற்றாததுதான் பிடிக்கும். ஹைனான் சீனர் கடைகளில் அரைத்த அன்னாசியை மேலே ஒரு கரண்டி வைப்பார்கள், அதுவும் தனி ருசி. சிறுமியாக எஸ்பிளனேடு சாத்தே கிளப்புக்கு அப்பா கூட்டிப்போன நினைவு இருக்கிறது. 1995-இல் அதை மூடிவிட்டார்கள். கரிப்புகையும் இந்தக் குழம்பு வாசமும் கலந்து காற்றில் வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் மகனுக்குக் கடலை ஒவ்வாமை. மூன்று வயதில் ஒரு பிஸ்கட்டால் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்சில் கொண்டுபோனோம். அன்று முதல் எபினெப்ரின் ஊசி இல்லாமல் வெளியே போவதில்லை. விருந்துக்குச் செய்கிறவர்கள் தயவுசெய்து வருகிறவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். குழம்பை ஊற்றிக் கலக்காமல் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு வையுங்கள். "ஒரு சொட்டுத்தானே" என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

எங்கள் வீட்டில் கடலைக்குப் பதில் சூரியகாந்தி விதையை வறுத்து இடித்துப் போடுகிறேன். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினோம், நீங்களும் கேட்காமல் செய்யாதீர்கள். கடலை வாசம் வராது என்பது உண்மை. ஆனால் கிள்ளான்வாசி சொன்ன விழுதை ஒழுங்காக வதக்கினால், என் மகன் மூன்று தட்டு நாசி இம்பிட் சாப்பிடுகிறான்.

ஈரோட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இப்ப பொருள் சிக்கல். செரைக்கு நம்ம எலுமிச்சைப் புல் தொட்டியில இருக்குது, ஆனா தண்டு பென்சில் மொத்தம் கூட இல்லை. லெங்குவாஸ் இங்க எங்கயும் பச்சையாக் கெடைக்கலை. நாட்டு மருந்துக் கடைல காஞ்ச சித்தரத்தை இருக்குது, அதைப் போடலாமுங்களா? குலா மலாக்காவுக்கு வெல்லம் சரியா?

கிள்ளான்வாசி எழுதியது:

சித்தரத்தை வேண்டாம். லெங்குவாஸ் என்பது பேரரத்தை. சித்தரத்தை அதன் சின்ன வகை. காரமும் மருந்து நெடியும் கூடுதல். குழம்பு கஷாயம் போல ஆகிவிடும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், இஞ்சியை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். செரை மட்டும் இல்லாமல் செய்யாதீர்கள். தண்டு மெலிதாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அடிப்பகுதி ஆறேழு எடுத்து நசுக்கி அரையுங்கள். மேல் இலையை அரைக்கக் கூடாது, நார் நாராக வாயில் நிற்கும். இலையை முடிச்சுப் போட்டுக் குழம்பில் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம்.

குலா மலாக்கா தென்னம்பாளைப் பதநீரில் காய்ச்சுவது. கரும்பு வெல்லத்தைவிட உங்கள் ஊர்க் கருப்பட்டி அதற்கு நெருக்கம். ஆனால் பனங்கருப்பட்டி வாசம் அழுத்தம், 80 கிராமுக்குப் பதில் 60-இல் தொடங்கிச் சுவை பாருங்கள்.

பினாங்குத் தங்கை எழுதியது:

நானும் கொஞ்சம் பேசட்டுமா? கடலைக் குழம்பு என்றால் சாத்தே மட்டும்தானா? எங்கள் பினாங்கில் பாசெம்போர் இருக்கிறது. தெற்கே அதையே ரோஜாக் மாமாக் என்பார்கள். தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த உணவு, நம் மொழி பேசுகிறவர்கள் கையில் வளர்ந்தது. இதை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு மனசு கேட்கவில்லை.

அதில் குழம்பைக் கெட்டியாக்குவது கடலை இல்லை, அவித்து மசித்த சக்கரவள்ளிக் கிழங்கு. மிளகாய், வெங்காயம், பூண்டு விழுதை அதேபோல் வதக்கி, கிழங்கு மசியல், புளி, சர்க்கரை சேர்த்து, கூழ் பதத்துக்குக் கொதிக்கவிட்டு, இடித்த கடலையைக் கடைசியில் தூவிக் கலக்க வேண்டும். வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் நூலாகச் சீவி, பொரித்த தவ்ஹு (தோஃபு), அவித்த உருளை, முட்டை, இறால் வடை எல்லாம் வெட்டிப் போட்டு மேலே சுடச்சுட ஊற்றுவார்கள். சைவக்காரர்கள் இறால் வடையை விட்டுவிட்டுப் பருப்பு வடை போடலாம். செங்குவாங் கிடைக்காத ஊரில் முள்ளங்கி வேண்டாம், நெடி அடிக்கும். வெள்ளரி மட்டும் போதும்.

பனங்கொட்டை எழுதியது:

சக்கரவள்ளி! வத்தாளங்கிழங்கு எண்டு நாங்கள் சொல்லுறது. கச்சான் குறைவாப் போடலாம், பிள்ளையளுக்குக் கிழங்கும் உள்ள போகும். ஞாயிற்றுக்கிழமை செய்யப் போறன். தங்கச்சி, நன்றி.

ஈரோட்டுக்காரி எழுதியது:

ரெண்டாவது முயற்சி. அண்ணன் சொன்ன மாதிரியே வதக்கினேன். கோட்டுல எண்ணெய் ஓடினப்போ சத்தமாச் சிரிச்சுட்டேன், அம்மா கூடத்துல இருந்து ஓடி வந்தாங்க. நெறமும் வாசமும் அப்படியே காஜாங். ஆனா கடலை போட்டு 10 நிமிசத்துல போன் வந்து பேசிட்டு வந்தேன், அடி பிடிச்சுருச்சு. கிளறிவிட்டேன், தீஞ்ச வாசம் குழம்பு முழுக்க ஏறிடுச்சு. கொட்டிட்டேனுங்க. 300 கிராம் கடலை.

மல்லாட்டை எழுதியது:

விடுங்க, அடுத்த தடவை கிளறி விட்டுடாதீங்க. தீஞ்ச வாசம் வந்த நொடியே மேல இருக்கிறதை மட்டும் வேற பாத்திரத்துக்கு மெதுவா மாத்திட்டா பாதிக்கு மேல காப்பாத்திடலாம். இடிச்ச கொட்டையை ஒரு தடவை சல்லடையில தட்டுங்க. மாவு நிறைய விழுந்தா அதுல கொஞ்சம் எடுத்து வைங்க. அடியில உட்கார்ந்து தீயறது அந்த மாவுதான்.

கிள்ளான்வாசி எழுதியது:

மல்லாட்டை சொன்னது எனக்கும் புதிது, நல்ல யோசனை. கடலை விழுந்த பிறகு அடுப்பை விட்டு நகரக் கூடாது தங்கச்சி. கனமான சட்டி, தட்டைக் கரண்டி, அடி தொட்டுக் கிளற வேண்டும். மக்சிக் என்னைத் தண்ணீர் குடிக்கக்கூட விட்டதில்லை அந்த நேரத்தில். இறக்கும்போது நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். ஆற ஆறக் கடலை தண்ணீரை உறிஞ்சி இறுகும். முதல் தடவை களி ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈரோட்டுக்காரி எழுதியது:

வந்துருச்சு. மூணாவது தடவை வந்துருச்சுங்க!

போனை வேற ரூம்ல வெச்சுட்டேன். மாவைச் சலிச்சு எடுத்துட்டேன். இலையை முடிச்சுப் போட்டு விட்டேன். கருப்பட்டி 60 கிராம்தான், அதுவே போதுமானதா இருந்துச்சு. 22 நிமிசத்துல ஓரத்துல செவப்பு எண்ணெய் வளையம் கட்டுச்சு. கோழிக்கு மஞ்சத்தூள், தனியா, சோம்பு, எலுமிச்சைப் புல் பெரட்டி, தென்னை ஈர்க்குல கோத்து, கரி அடுப்புல சுட்டோம். மிச்சமான எலுமிச்சைப் புல் தண்டோட நுனியை நசுக்கி, அதையே தூரிகையா வெச்சு எண்ணெய் தடவினேன், காஜாங் கடையில பார்த்தது ஞாபகம் வந்துச்சு. நாசி இம்பிட்டுக்குப் பச்சரிசியைக் கொழைய வடிச்சு, தட்டுல அமுக்கி மேல அம்மிக் குழவியை வெச்சுட்டேன்.

அம்மாவுக்குக் கறி ஆகாதுங்களா, அவங்களுக்குப் பன்னீரும் அவிச்ச பீன்ஸும். ரெண்டு தடவை குழம்பு வாங்கிக்கிட்டாங்க. "இது சட்னி இல்லை"ன்னாங்க. அது போதும் எனக்கு.

ஒரே ஒரு கேள்வி பாக்கி: மிச்சம் ரெண்டு கிண்ணம் இருக்குது. எத்தனை நாள் தாங்கும்?

தோ பாயோ அம்மா எழுதியது:

படிக்கும்போதே மகிழ்ச்சியாக இருக்கிறது. தேங்காய்ப்பால் இல்லாததால் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் வைக்கலாம். முழுதாக ஆறியதும் மூடுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். சூடாக்கும்போது கொதிநீர் விட்டு இளக்கி, சிறு தீயில் ஒரு கொதி. நாளைக்கே சாப்பிடுவதென்றால் சேமியா அவித்து, கீரையும் பொரித்த பன்னீரும் போட்டு மேலே ஊற்றிப் பாருங்கள். எங்கள் ஊர் சாத்தே பீஹூன் போலவே இருக்கும். அரிசிச் சேமியாவாக வாங்குங்கள், கோதுமைச் சேமியா குழைந்துவிடும்.

ஈரோட்டுக்காரி எழுதியது:

அரிசிச் சேமியா வீட்டுல இருக்குதுங்க. இப்பவே தண்ணி வெக்கறேன்.